குழலுக்குள் நின்றுபோன குண்டு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் நான் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறேன். ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு, எண்ணெய், அரிசி என்று சாமான் ஏற்றிவந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வீடு அது. அவர்கள் சேர்த்துவைத்த தராசுகள், கப்பல் விளக்குகள், திசைகாட்டிகள், மரப்பெட்டிகள் எல்லாவற்றையும் இப்போதைய சொந்தக்காரர் ஒழுங்குபடுத்தி, ஊர் பார்க்க வருகிறவர்கள் உள்ளே வந்து பார்க்கும்படி திறந்துவைத்தார். அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். அறுபதை நெருங்கியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன பிரஷ் வைத்திருப்பார். எதன் மேலாவது தூசு கண்டால் பேசிக்கொண்டே அதை எடுத்து மெல்லத் தட்டிவிடுவார். என் வேலை துடைப்பது, அட்டை எழுதி ஒட்டுவது, வருகிறவர்களுக்கு விவரம் சொல்வது.

மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கியது. குழல் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற பழங்காலத்து வகை. பாயின் அப்பா காலத்தில் எங்கிருந்தோ வந்த சாமான்களோடு வந்தது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பழம்பொருள் என்று முறையாகப் பதிவுசெய்து பெர்மிட் வாங்கி வைத்திருந்தார். பொறி தட்டும் கல் எப்போதோ விழுந்துபோய்விட்டது. அதனால் அது வெறும் இரும்பும் மரமும்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வருகிறவர்கள் கேட்டால் இறக்கிக் கையில் கொடுப்போம். தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் ஒருவர் நெற்றிக்கு ஒருவர் குறி வைப்பார்கள். நானே எத்தனையோ முறை கேமராவைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை நாள். வாசல் கதவு அடைத்திருக்கும், உள்ளே துப்புரவு நடக்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் குழல் வாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பதைப் பார்த்தேன். துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு சாத்தே இறைச்சி கோக்கிற ஒரு மூங்கில் குச்சியால் மண்ணைக் கிளறி எடுத்தேன். உள்ளே இன்னும் மண் இருக்குமோ என்று, ஜன்னல் திரை மாட்டும் நீளமான மரக்கம்பை எடுத்து, நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டேன். கம்பு போய்ப் போய் ஓரிடத்தில் நின்றது. மெல்லத் தட்டினேன். டங் என்று இரும்புச் சத்தம் வரவேண்டும். வந்தது மொத்தென்ற ஒரு சத்தம்.

கம்பில் குழல் வாய்க்கு நேராக விரலை வைத்துப் பிடித்து வெளியே இழுத்தேன். அப்படியே குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பு முடிந்த இடத்துக்குப் பிறகும் குழல் நாலரை அங்குலம் மிச்சம் இருந்தது. குழலின் அடியை மூடும் இரும்பு மரைக்கு ஓர் அங்குலம் போனாலும் மற்றதற்குக் கணக்கு வரவில்லை. குண்டும் மருந்தும் உள்ளே எப்படி அடுக்காக இருக்கும் என்று படம் போட்டு அந்தத் துப்பாக்கிக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையை எழுதியவளே நான்தான். முதலில் மருந்து, அதன்மேல் அடைப்பு, அதன்மேல் குண்டு. அந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு குழல் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். என் இடுப்புக்கு நேராக இருந்தது.

எழுந்து, குழலைச் செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்னறை மேசையில் இரண்டு மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். மழைத் தண்ணீர் வாசலுக்குள் வராமல் தடுக்க வாங்கிய மூட்டைகள் அவை. அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பாயைக் கூப்பிட்டேன்.

பாய் வந்து, நான் சொன்னதைக் கேட்டார். பூட்டிய கதவைப் பார்த்தபடியே நின்றார்.

"நல்லாப் பாத்தியா? மண்ணா இருக்கும் லா."

"ரெண்டு தடவ அளந்துட்டேன் பாய். மண்ணு இல்ல."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "மருந்து கெட்டிச்ச துப்பாக்கி என் வீட்டுல இருக்குன்னு பாலாய்ல போய்ச் சொன்னா, என்னையத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க. இந்த ஊரு சட்டம் உனக்குத் தெரியும்ல?"

போலீஸ் நிலையத்தை எல்லோரும் பாலாய் என்றுதான் சொல்வோம். சட்டமும் எனக்குத் தெரியும். துப்பாக்கி விஷயத்தில் இங்கே யாருக்கும் விளையாட்டுக் கிடையாது.

"உன் வீட்டுக்காரரு மெசின் வேலைதான? அவர்கிட்டக் கேளேன். நாமளே வெளிய எடுத்துட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

பாய் நல்லவர். என் அப்பா இறந்தபோது மருத்துவமனை வாசலில் எங்களோடு விடியும்வரை நின்றவர். அவர் அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோயிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் வீடு கெலுகோரில் ஒரு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. என் கணவர் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்வருவார். இரும்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் இருபது வருடம் கடைசல் மெசினில் நின்றவர். இதெல்லாம் நடந்ததற்கு முந்தின வருடம், தகடு அழுத்தும் பிரஸ் மெசினில் இடது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அதன்பிறகு அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் வந்ததா, போனதா என்று குறித்துக்கொள்ளும் வேலை. அவர் குறை சொன்னதில்லை. சாப்பிடும்போது அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது.

எங்கள் வரவேற்பறையில் ஒரே ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. நாங்கள் கொஞ்சம் வயது கழித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் பாய் எங்களை அந்த வீட்டுக்குள்ளேயே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் படத்தில் நான் பட்டுப்புடவையில் அதே துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறேன். இவர் வேட்டி சட்டையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் படம்தான் கண்ணில் பட்டது. கழற்றித் தரையில் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் வேலை முடிந்து வந்து ஹெல்மெட்டை வைத்தார். சுவரைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பவே சுட்டிருந்தன்னா, இத்தன வருசம் என் குறட்டைக்குத் தப்பிச்சிருப்ப."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கல்லு இல்ல, பொறி இல்ல. எப்படி வெடிக்கும்? சும்மா இரு." பிறகு அவருக்கே உரிய யோசனை முகத்தில் வந்தது. "ஈயக் குண்டுதான? ட்ரில் பிட்டு நீளமா ஒண்ணு வெல்ட் பண்ணி, மெதுவா ஓட்டை போட்டா..."

"போடக்கூடாது."

"நான் சொல்றதக் கேளு..."

"உங்க கைய அதுக்கிட்டக் கொண்டுபோகக் கூடாது. அந்த ஓட்டைக்கு முன்னால உங்க கை, உங்க முகம் எதுவும் வரக்கூடாது. இதுல பேச்சே இல்ல."

நான் அவரிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவர் தன் இடது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணீர் கலக்கினார். இரண்டு கோப்பை.

மறுநாள் நான் போவதற்கு முன்பே பாய் வந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் மலாய் மொழியில் டைப் செய்த ஒரு கடிதம்.

"இதுல எழுத்துப் பிழை இருக்கான்னு பாரு," என்றார்.

போலீசுக்கு எழுதிய கடிதம். துப்பாக்கியின் பதிவு எண், எப்போது கண்டுபிடித்தது, யார் கண்டுபிடித்தது எல்லாம் ஒழுங்காக இருந்தது. இதுவரை அறியாமல் வைத்திருந்த தவறு முழுவதும் தன்னுடையது, பணியாளர் யாருக்கும் இதில் பொறுப்பில்லை என்று கடைசியில் ஒரு வரி.

"பாய், நேத்து வேணாம்னு சொன்னீங்களே."

"ராத்திரி பூரா தூக்கம் இல்ல. பதிமூணு வருசமா நீ அதத் துடைக்கிற. எத்தன தடவ உன் வயித்துக்கு நேரா இருந்திருக்கும், எத்தன பிள்ளைங்க மூஞ்சிக்கு நேரா இருந்திருக்கும்னு நெனச்சேன். அதுக்கு மேல ஒளிக்கிறது சரியில்ல." சட்டைப் பையிலிருந்து பிரஷை எடுத்தவர், எதைத் தட்டுவது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு பிழைதான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

மதியம் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஆயுதப் பிரிவு அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் மேடம் என்று கூப்பிட்டதும், "அக்கா, இன்ஸ்பெக்டர்னு சொல்லுங்க, இல்லாட்டி தங்கச்சின்னு சொல்லுங்க. மேடம் வேணாம் லா," என்றார். பின்னறைக்குள் தனியாகப் போனார். துப்பாக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்து, மணல் மூட்டை வைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். தலையை ஆட்டினார்.

"உள்ள இருக்கிறது கருமருந்து. அதுக்கு வயசே ஆகாது அக்கா. காஞ்சு இருந்தா நூறு வருசம் கழிச்சும் பத்திக்கும். கல்லுதான் வேணும்னு இல்ல. ஒரு சிகரெட்டு நெருப்பு, சூடான ஒரு இரும்புத் துண்டு போதும். தண்ணி காட்டுனாத்தான் அடங்கும்."

"ஈயத்துல ட்ரில் போட்டா?" என்று கேட்டேன். எனக்குக் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"ட்ரில் சூடாகும். தவறி இரும்புல உரசுனா பொறி வரும். அந்தப் பக்கம் மருந்து, இந்தப் பக்கம் ஆளு."

குழல் வாய் யார் பக்கமும் திரும்பாதபடி மரப்பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துப்போனார்கள். பாயையும் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் மறுபடி மறுபடி கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். அந்த நாட்களில் பாய் மெலிந்துபோனார். நான் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோவேன். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு, பொருட்களையெல்லாம் பட்டியல் எடுக்கத் தொடங்கிவிடுவார். தான் இல்லாமல் போனால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் எனக்கு ஃபோன் செய்தார். பொறி தட்டும் பகுதியைக் கழற்றிவிட்டு, குழலின் அடிப்பக்கத்தில் நெருப்பு போகிற சின்னத் துளை வழியாகவும் வாய்வழியாகவும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்ததாகவும், தினமும் வடித்து மறுபடி ஊற்றியதாகவும் சொன்னார். துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததாம். மருந்து சேறாகிவிட்டது, இனி குண்டை வெளியே எடுக்கவேண்டும். அதற்குத் திருகாணி முனை உள்ள நீளமான ஒரு கம்பி வேண்டும். அதை ஈயத்துக்குள் திருகி இறக்கி இழுக்கவேண்டும்.

"எங்ககிட்ட இருக்கிற சாமானெல்லாம் இப்ப உள்ள துப்பாக்கிக்கு. இந்தக் குழலு அகலம் வேற. பாய் வீட்டுல இதோட பழைய கோலு, திருகாணி எதாச்சும் இருக்கா அக்கா? இல்லேன்னா குழல அறுக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல."

இல்லை என்றேன். பிறகு, என் கணவர் கடைசல்காரர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஃபோனைப் பிடித்தபடி நின்றேன். அவர் கை அதன் பக்கத்தில் போகக்கூடாது என்று சொன்னவள் நான். ஆனால் செய்து கொடுப்பது வேறு, பக்கத்தில் போவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மேலே கேட்டு அனுமதி வாங்கினார். அளவுகளை அவரே படம் போட்டு அனுப்பினார். என் கணவர் அந்தப் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தொழிற்சாலையில் பழைய நண்பரிடம் கேட்டு, வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் கடைசல் மெசினில் நின்றார். மூன்று நாள் அப்படி. மூன்றாம் நாள் வந்தபோது சட்டையில் பித்தளைச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துவிட்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாக நான் பார்க்காத பொருள் அது.

"பொறி வராம இருக்கணும்ல, அதான் பித்தளை," என்றார். கம்பியின் நுனியில் மட்டும் எஃகுத் திருகாணி. அதைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். குழலுக்குள் போகும்போது முனை பக்கத்தில் உரசாமல் நேராகக் குண்டின் நடுவுக்குப் போவதற்காக. மறுமுனையில் குறுக்காக நீளமான கைப்பிடி. "பாரு, நேரா நின்னு இழுக்க வேணாம். ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு இழுக்கலாம். நடுவுல யாரும் இல்ல." அதை எனக்காகத்தான் செய்திருக்கிறார் என்று புரிந்தது. நான் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு போலீஸ் வளாகத்தின் பின்பக்கம், திறந்த கொட்டகையில் அந்த வேலை நடந்தது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாய், நான், இவர் மூவரும் போனோம். மரக்கட்டையிலிருந்து கழற்றிய குழலைத் தோல் சுற்றிப் பிடிப்பானில் இறுக்கியிருந்தார்கள். வாய்க்கு எதிரே மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எங்கள் கண்ணுக்கு எதிரில் இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பாயையும் என்னையும் பின்னால் ஒரு கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார். என் கணவருக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்தார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். கை வாய்க்கு முன்னால வரக்கூடாது. மருந்து செத்துப்போச்சுன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் வரக்கூடாது."

"எங்க வீட்லயும் அதேதான் சொன்னாங்க," என்றார் இவர்.

"ட்ரில் போடலாம்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்களே?"

இவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திருகாணி உள்ளே இறங்கியது. ஈயத்தைக் கடிக்கிறது என்று இவர் கையசைப்பில் சொன்னார். இவரும் இன்ஸ்பெக்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இழுத்தார்கள். ஒன்றும் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். சட்டென்று கம்பி கையோடு வந்துவிட்டது. திருகாணியில் பளபளவென்று ஈயச் சீவல் மட்டும் ஒட்டியிருந்தது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் சீவல்தான். குண்டு துருவோடு சேர்ந்து குழலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"மூணாவது தடவ போட்டா நடுவுல ஓட்டைதான் பெருசாகும்," என்று இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அறுக்கத்தான் வேணும் போல."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது என் கணவர், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "கிரீஸ் கன் இருக்கா?" என்றார்.

"என்னண்ணே, துப்பாக்கிக்கு இன்னொரு துப்பாக்கியா?"

"மெசினுக்கெல்லாம் கிரீஸ் அடிப்போம்ல, அந்தப் பம்புதான். அடியில அந்தச் சின்னத் துளை இருக்குல்ல, அது வழியா கிரீஸ ஏத்துனா பின்னாலேர்ந்து குண்டத் தள்ளும்."

"காத்து அடிக்கலாம்னு எங்காளு ஒருத்தரு சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"காத்து வேணவே வேணாம். காத்து சுருங்கி இருந்து ஒரேடியா விரியும், குண்டு பறந்துரும். கிரீஸ் சுருங்காது. தள்ளும், கைய நிறுத்துனா நின்னுரும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது. மேசையின் மேல் ஒரு தாளில் வரைந்து காட்டினார். தாள் நகராமல் பிடிக்க இடது கையைத்தான் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். பிறகு, பம்ப்பைப் பொருத்தத் துளையில் மரை வெட்டினால் பழம்பொருள் கெட்டுவிடுமே என்று கேட்டார். மரை வேண்டாம், ரப்பர் வளையம் வைத்து வெளியிலிருந்து ஒரு பிடிப்பானால் இறுக்கிவிடலாம் என்றார் இவர். இன்ஸ்பெக்டர் யோசித்தார். எழுந்துபோய் யாருக்கோ ஃபோன் பேசிவிட்டு வந்தார்.

"அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் தண்ணிலயே கெடக்கட்டும்."

அடுத்த வாரம் அதே இடம். இவர் செய்த பிடிப்பான் குழலைச் சுற்றி ஒரு கைக்கடிகாரம் மாதிரி உட்கார்ந்தது. முதலில் தண்ணீர், பிறகு கிரீஸ். பம்ப்பை அடித்தது இன்ஸ்பெக்டர். இவர் பக்கத்தில் நின்று ரப்பர் வளையத்தில் கசிகிறதா என்று பார்த்தார். குழலுக்குள் குண்டைத் தொட்டபடி ஒரு மெல்லிய மூங்கில் குச்சி வைத்து, வாய்க்கு நேராக அதில் மை கோடு போட்டிருந்தார்கள். குண்டு நகர்ந்தால் குச்சி நகரும்.

பத்து தடவை, பதினைந்து தடவை அடித்தும் குச்சி நகரவில்லை. வளையத்தின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்தது. நிறுத்தி, இறுக்கி, மறுபடி அடித்தார்கள். பாய் உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். நான் அந்த மை கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையாவது அடியில் என்று தெரியாது, அது ஒரு அரிசி அளவு வெளியே வந்தது.

"வருது," என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவசரமே படவில்லை. நாலு அடி அடித்து நிறுத்துவார்கள். பார்ப்பார்கள். மறுபடி நாலு அடி. அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மூங்கில் குச்சி தானாகக் கீழே விழுந்தது. குழல் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை தெரிந்து, கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்து, கீழே வைத்திருந்த மணல் சட்டிக்குள் பொத்தென்று விழுந்தது. அதன் பின்னால் கிரீசில் ஊறிய ஒரு அடைப்பு வந்தது. அதற்கும் பின்னால் கறுப்புச் சேறு கலந்த கிரீஸ், முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் பம்ப்பைக் கீழே வைத்தார்.

அடைப்பைக் கிடுக்கியால் பிரித்துப் பார்த்தார். தேங்காய் நார். யாரோ ஒருவர், கையில் கிடைத்த நாரைக் கசக்கிச் சுருட்டித் திணித்திருக்கிறார். கெட்டித்துவிட்டு ஏன் சுடாமல் விட்டார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுடக் காத்திருந்த காட்டுப்பன்றி வரவில்லையோ, மழை வந்துவிட்டதோ, வீட்டிலிருந்து யாராவது சாப்பிடக் கூப்பிட்டார்களோ.

பாய் என் கணவரின் இரண்டு கையையும் கிரீசோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இவர் இழுத்துக்கொள்ளவில்லை.

பாய்க்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்தது. தானாக வந்து சொன்னதை இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். பல மாதம் கழித்து, காலியாக இருக்கிறது என்ற சான்றோடு துப்பாக்கி திரும்பி வந்தது. இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, யார் கையிலும் கொடுப்பதில்லை. குண்டையும் நாரையும் போலீசே வைத்துக்கொண்டது. என் அட்டையில், காலியா என்று அளந்து பார்க்கும் முறையையும் படத்தோடு சேர்த்து எழுதிவிட்டேன். இன்னும் யார் யார் வீட்டுச் சுவரில் எது தொங்குகிறதோ.

குண்டு வெளியே வந்த அன்றைக்கு, வளாகத்தைவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது மதியமாகிவிட்டது. பாய் காரை எடுத்தார். அவருடைய கிரெத்தாவில் ஏறாமல் நாங்கள் இருவரும் மோட்டாரில் வந்தோம். சுங்கை பினாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நிறுத்தினார். வறுத்த நூடுல்ஸ், மீ கோரெங், சொன்னோம். இவர் கை கழுவிக் கழுவிப் பார்த்தும் நகத்துக்குள் கிரீஸ் போகவில்லை. அப்படியே இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். ரப்பர் வளையம் முதலில் ஏன் கசிந்தது, அதை இன்னும் அரை மில்லிமீட்டர் தடிமனாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த இன்ஸ்பெக்டர் பம்ப் அடித்த நிதானம் தன் பட்டறையில் பாதிப் பேருக்கு வராது, திங்கட்கிழமை போய் மறுபடி கடைசல் பக்கம் ஒரு நாளாவது நிற்கவிடச் சொல்லி மானேஜரைக் கேட்கப்போகிறேன், என்ன சொல்ற என்றார்.

கேளுங்க என்றேன். மீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தாளும் பேனாவும் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கூப்பிட்டார், அந்த வளையத்தை எனக்கு வரைந்து காட்ட.